அரியமான் கடற்கரையில் குடும்பத்தோடு ஓரிரவு

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிக்கு அருகே, சவுக்கு மரங்கள் நிழல் தரும் அரியமான் கடற்கரையில் குடும்பத்தோடு கூடாரமிட விரும்புவோர், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்ந்தெடுத்து, இரவில் தங்க அனுமதி கிடைக்குமா என்பதை உள்ளூர் ஊராட்சியில் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தனுஷ்கோடியை இதற்காக நினைக்கவே வேண்டாம். இருட்டிய பின் அங்கே தங்க விடுவதில்லை.

கடலோர நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பாக இருப்பதால், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம் தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. கூடாரத்தின் முளைகள் தளர்ந்த மணலில் நிற்காது. ஆகவே சாக்குப்பைகளில் மணலை நிரப்பி, கயிறுகளை அவற்றில் கட்டி, குழிதோண்டிப் புதைத்தால் இரவுக் காற்றைத் தாங்கும். சவுக்குச் சருகு எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பை வெறும் மணலில்தான் மூட்ட வேண்டும். புளியோதரையைக் கட்டிக்கொண்டு போனால் முதல் இரவுக்கு அடுப்பே தேவையில்லை.