தரங்கம்பாடிக்கு முதல்முறை: சென்னையிலிருந்து எப்படிப் போவது, எங்கே இறங்குவது, எப்படிச் சுற்றுவது

'மதில் சூழ்ந்த கடற்கரை ஊர்' என்று எங்கேயோ படித்துவிட்டுப் போகிறவர்கள் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "மதில் எங்கே?" சென்னையில் பிளாக் டவுன் (இன்றைய ஜார்ஜ் டவுன்) மதிலில் பெரும்பகுதி போய் வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் நிற்கிறதல்லவா, அதே கதைதான் இங்கேயும். மதிலில் பெரும்பகுதி இல்லை. மேற்கே வாசல் நிற்கிறது, கிழக்கே கடலோரம் டேனிஷ்காரர்கள் (டென்மார்க் நாட்டவர்) கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை நிற்கிறது. நடுவில் இருந்த மதிலூர் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் வாசல் வழியாக நடந்து உள்ளே போக வேண்டும். காரில் நேராகக் கோட்டை முன்னால் போய் இறங்கினால் ஒரு கட்டடமும் ஒரு கடற்கரையும்தான் பார்த்ததாகும்.

1. நாள் குறிப்பது

வெள்ளிக்கிழமை வேண்டாம், கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசி நல்லது. சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் தெருவில் நிழலே கிடையாது.

ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள். ஏறக்குறைய 280 கிலோமீட்டர், காரில் போனாலே ஆறு மணி நேரம். போய் அன்றே திரும்புவது உடம்புக்குத் தண்டனை. விடிகாலைக் கடலும் கைவிட்டுப் போகும்.

2. ரயிலா, பஸ்ஸா, காரா

என் ஓட்டு ரயிலுக்கு. மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ். பகலில் சோழன் எக்ஸ்பிரஸ், இரவில் உழவன் எக்ஸ்பிரஸ். உழவன் மயிலாடுதுறையில் இருட்டோடு இறக்கிவிடும், விடியும் வரை ஸ்டேஷனில்தான் உட்கார வேண்டும். அதனால் முதல்முறை போகிறவர்களுக்குச் சோழனே சரி. ரயில் கிளம்புவது எழும்பூரா தாம்பரமா என்று டிக்கெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரடி பஸ் என்றால் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் போகிறவை. இதில் ஏறுமிடம்தான் குழப்பம். ஈசிஆர் வழியாகப் போவது கோயம்பேட்டிலும் திண்டிவனம் வழியாகப் போவது கிளாம்பாக்கத்திலும் கிளம்பும். பதிவுச் சீட்டில் போட்டிருக்கும் இடத்தை நம்புங்கள், பழைய ஞாபகத்தை நம்பாதீர்கள்.

காரில் போகிறவர்களுக்கு ஒன்று. புதிய நாலுவழிச் சாலை ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போகிறது. சிதம்பரத்தில் சாப்பிட நினைத்திருந்தால் ஊருக்குள் திரும்புகிற இடத்தைக் கவனித்துத் திரும்ப வேண்டும்.

3. மயிலாடுதுறையில் சரியான பஸ்

முதல்முறை போகிற பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். ரயிலடியும் பஸ் ஸ்டாண்டும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை, ஆட்டோ பிடிக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் 'காரைக்கால்' என்று போர்டு போட்ட பஸ் வரும், உடனே ஏறிவிடாதீர்கள். காரைக்காலுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பேரளம், திருநள்ளாறு வழி. அது தரங்கம்பாடிப் பக்கமே வராது. இன்னொன்று செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையார் வழி. நமக்கு வேண்டியது இது.

கண்டக்டரிடம் "காரைக்கால் போகுமா?" என்று கேட்டால் இரண்டு பஸ்காரரும் "போகும்" என்றுதான் சொல்வார்கள். "பொறையார் வழியா?" என்று கேளுங்கள். டிக்கெட்டைத் தரங்கம்பாடிக்கே எடுத்து, திருக்கடையூர் தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடுங்கள். தவறவிட்டால் பதற்றப்பட ஒன்றுமில்லை, அடுத்தது பொறையார்தான், ஆட்டோவில் திரும்பி வரலாம்.

4. வாசலிலிருந்து நடை

மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே திரும்பினால் வெள்ளை வாசல். 1792-ல் கட்டியது, டேனிஷ் அரச முத்திரையோடு. வாசலின் வெளிமுகம் மேற்கைப் பார்த்தது, காலையில் படம் எடுத்தால் சூரியன் எதிரே நின்று எல்லாம் கறுத்துப்போகும். மாலை மூன்றரைக்கு மேல் எடுங்கள்.

வாசலைத் தாண்டினால் கிங்ஸ் தெரு நேராகக் கடலை நோக்கிப் போகிறது. சும்மா நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம், பார்த்துக்கொண்டே நடந்தால் ஒன்றரை மணி நேரம். 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும் 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. எருசலேம் ஆலயத்தின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். ஒரு கிரீடம், அதன் கீழே பின்னிப் பிணைந்த எழுத்துகள், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் அடையாளம். உள்ளே ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் கல்லறை இருக்கிறது. ஆலயம் எழுந்த அடுத்த வருடமே அவர் இறந்துவிட்டார். இன்றும் வழிபாடு நடக்கிற இடம் இது, ஞாயிறு காலை ஆராதனை முடிந்த பிறகு போங்கள்.

சீகன்பால்கு 1706-ல் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் இங்கே அச்சாகி முடிந்தது. அச்சுக்குக் காகிதம் செய்ய அமைத்த பட்டறையின் நினைவாகப் பொறையாரில் கடுதாசிப்பட்டறை என்றே ஓர் இடம் இருக்கிறது. புத்தகப் பிரியர்கள் அதற்கும் நேரம் ஒதுக்கலாம்.

5. கோட்டை

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-ல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் எழுப்பியது. நம் ஜார்ஜ் கோட்டைக்குச் சுமார் இருபது வயது மூத்தது. 1845-ல் ஊரோடு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். கீழ்த்தளம் கிடங்கும் சிறையும், மேல்தளம் ஆளுநருக்கு. கீழறைகளின் வளைவுக் கூரைக்குக் கீழே நின்று சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். உப்புக்காற்றில் சுண்ணாம்புப் பூச்சு உரிந்த இடத்தில் செங்கல் வரிசை தெரியும். கை வைத்துச் சுரண்ட வேண்டாம், பொலபொலவென்று கொட்டும். மாலை நாலு மணிக்குள் உள்ளே போய்விடுங்கள்.

6. கோயிலும் கடலும்

கோட்டைக்கு வடக்கே கரையில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அரிப்பைத் தடுக்கக் கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். பாசி பிடித்த கல்லில் ஏறி செல்ஃபி எடுப்பது, கல்லுக்குப் பக்கத்தில் குளிப்பது, இரண்டும் வேண்டாம். அலை இழுத்தால் கல்லில்தான் மோதும். 2004 சுனாமி புகுந்த கரை இது.

இது கிழக்குக் கடல், சூரியன் கடலில் அஸ்தமிக்காது. ஐந்தரைக்கே எழுந்து கரைக்கு வாருங்கள்.

7. தங்க, சாப்பிட

மதிலூருக்குள் பழைய பங்களாக்களை விடுதியாக்கியிருக்கிறார்கள், வாடகை அதிகம். செலவைக் குறைக்க திருக்கடையூர் லாட்ஜ். ஆனால் அங்கே அபிராமி சந்நிதியில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் ஓயாமல் நடக்கும். முகூர்த்த நாளில் அறை கிடைக்காது, முன்கூட்டியே போன் செய்யுங்கள். உள்ளே கடைகள் குறைவு, சாப்பாட்டைப் பொறையாரில் முடித்துக்கொள்ளலாம். தொப்பியைவிடக் குடை மேல், காற்றில் தொப்பி நிற்காது.

பிறகு சேர்த்தது

காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவுதானே என்று பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் குறைவுதான், வண்டியில் நிரப்பிக்கொள்ளுங்கள். மது பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள், எல்லையிலுள்ள நண்டலாறு சோதனைச்சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள்.

வயதானவர்களோடு போனால்: வாசலில் இறக்கிவிட்டு நடக்க வையுங்கள், வண்டி கோட்டை மைதானத்தில் காத்திருக்கட்டும். கோட்டை மேல்தளப் படிகளை அவர்கள் விட்டுவிடலாம், கீழ்த்தளமே நிழலாக இருக்கும்.