எவர்சில்வர் அலகு, மரப்பிடி: முதல் கத்தியை நீங்களே செய்ய

பழைய எவர்சில்வர் தட்டை வெட்டிக் கத்தி செய்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம், பார்க்கக் கத்தி மாதிரி இருக்கும், வெட்டாது. பாத்திரங்களுக்குப் போடும் 304 ரகத்தில் கரிமம் 0.08 சதவீதத்தைத் தாண்டாது. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி உருக்கிய துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் 12.8 சதவீதத்தோடு கரிமமும் 0.24 சதவீதம் இருந்தது. துருவும் ஏறவில்லை, கூரும் நின்றது.

இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஏஇபி-எல். சவர பிளேடுக்காக உருவான ரகம், கரிமம் 0.67, குரோமியம் 13 சதவீதம் வாக்கில். 14சி28என் கிடைத்தாலும் சரி. 440சி நல்ல எஃகுதான், ஆனால் சாணை பிடிக்கும்போது கொஞ்சம் பிடிவாதம் பண்ணும். காந்தம் ஒட்டினால் கத்திக்கு ஆகும் என்றொரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள், 430 ரகத்திலும் காந்தம் ஒட்டும், அதுவும் கடினமாகாது. ரகத்தின் பெயர் தெரிந்த, இன்னும் தோய்ச்சல் (காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) ஆகாத பட்டையாக வாங்குங்கள். 2.5 மி.மீ. கனம் போதும்.

1. வரைதல், வெட்டுதல்

அட்டையில் முழு அளவில் வரைந்து, வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். அலகு 12 செ.மீ., பிடி 11 செ.மீ. என்று வைத்தால் முதல் கத்திக்கு அடக்கமாக இருக்கும். பிடிக்குள் போகும் காம்பு பிடியின் முழு அகலத்துக்கும் இருக்கட்டும். காம்பும் அலகும் சேரும் இடத்தில் கூர்மூலை வேண்டாம், வளைவாக விடுங்கள். கத்தி உடைந்தால் அந்த மூலையில்தான் உடையும்.

வடிவத்தைப் பட்டையில் கீறி, ஹேக்ஸாவால் கோட்டுக்கு வெளியே அறுத்து, அரத்தால் கோடு வரை கொண்டுவாருங்கள்.

2. துளைகளை இப்போதே போடுங்கள்

என் முதல் கத்தியில் மரப்பிடியைப் பிடித்து நிற்கும் ஆணிகளுக்கு மூன்று துளைக்குப் பதில் இரண்டுதான் போட்டிருந்தேன். தோய்ச்சல் முடிந்து வந்த பிறகுதான் கவனித்தேன். நாலு டிரில் பிட் மழுங்கியது. காம்பில் ஒரு பளபளப்பான குழி மட்டும் விழுந்தது. தோய்ச்சலுக்கு முன் இதே துளை எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டினால் இரண்டு நிமிட வேலை.

5 மி.மீ. ஆணி என்றால் துளை அதைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்கட்டும். பசை பிடிக்கக் காம்பில் கூடுதலாக நாலைந்து துளைகள் போட்டால் எடையும் குறையும். துளை போடும்போது பட்டையை கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பிட் சிக்கினால் பட்டை காற்றாடி மாதிரி சுழலும்.

3. சரிவு எடுத்தல்

வாயாக, அதாவது வெட்டும் விளிம்பாக, வரப்போகும் ஓரத்தில் மார்க்கர் மையைப் பூசுங்கள். பட்டையைச் சமதளத்தில் படுக்கவைத்து, பட்டையின் கனத்துக்குச் சமமான 2.5 மி.மீ. டிரில் பிட்டைப் பக்கத்தில் படுக்கவைத்து, அதன் நுனியால் ஓரம் நெடுக ஒரு கோடு கீறுங்கள். பட்டையைத் திருப்பிப்போட்டு மறுபடி ஒரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, அல்லது மிக நெருக்கமாக, நட்ட நடுவில் விழும். அரமோ பெல்ட் கிரைண்டரோ, இரண்டு பக்கமிருந்தும் அந்தக் கோட்டை நோக்கித்தான் வரவேண்டும்.

முழுதாகக் கூராக்கிவிடாதீர்கள். வாயில் அரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலாகக் கனம் விடுங்கள். இல்லையென்றால் தோய்ச்சலில் வாய் அலைபோல் வளைந்துவிடும். கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் இந்த வேலை.

4. தோய்ச்சல்

இதை வீட்டில் முயல வேண்டாம். ஏஇபி-எல்லுக்கு ஏறக்குறைய 1,060 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதில் சில நிமிடங்கள் பிசகாமல் நிற்கவேண்டும். காற்றுப் படாமல் உலோகத் தாளில் சுற்றியிருக்கவேண்டும். வெளியே எடுத்ததும் இரண்டு கனத்த அலுமினியப் பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்திக் குளிர்விக்கவேண்டும். கரி உலைக்கு இது ஒத்துவராது. வெப்பப் பதனிடும் பட்டறைக்கு அனுப்புங்கள். ரகத்தின் பெயரையும், வேண்டிய கடினத்தின் அளவான ‘ராக்வெல் சி 60’ என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பிறகு 175 முதல் 200 டிகிரிக்குள் இரண்டிரண்டு மணி நேரம் இருமுறை சூடாக்கிப் பதப்படுத்துவதையும் அவர்களே முடித்துத் தருவார்கள்.

திரும்பி வந்த அலகை மறுபடி தேய்த்து வாயை 0.2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சூடுதான் எதிரி. சாதாரண எஃகு 200 டிகிரியைத் தாண்டியதுமே வைக்கோல் நிறம் காட்டி எச்சரிக்கும். இது காட்டாது, நிறம் தெரியும்போது 300 டிகிரியை எட்டியிருக்கும், பதம் போயிருக்கும். விரல் சுட்டதும் தண்ணீரில் முக்குங்கள். கையுறை போட்டால் அந்தச் சூடு தெரியாது, பெல்ட்டில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

5. பிடி

தேக்கு, ஈட்டி, கருங்காலி எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரமரம் பின்னால் சுருங்கி, காம்பின் விளிம்பு விரலில் இடறும். ஈட்டித் தூள் பலருக்கு அரிப்பும் தும்மலும் தரும், முகமூடியைக் கழற்றாதீர்கள்.

இரண்டு மரத்துண்டுகளுக்கும் துளை போட்டபின், அலகைப் பார்த்து நிற்கும் முன்விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே உப்புத்தாளில் முழுதாக மெருகேற்றிவிடுங்கள். ஒட்டியபின் அங்கே கை வைத்தால் அலகில் கீறல் விழும்.

காம்பை 60-ஆம் எண் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, எல்லாவற்றையும் அசிட்டோனால் துடையுங்கள். தேக்கில் எண்ணெய் இருப்பதால் அதற்கு இது கட்டாயம். மெதுவாக இறுகும் எபாக்சியைப் பூசி, ஆணிகளை அடித்து, கிளாம்ப் போடுங்கள். பலம் காட்டி இறுக்கினால் பசையெல்லாம் வழிந்து வெளியே வந்துவிடும். அலகுப் பக்கம் கசிந்ததை உடனே துடைத்துவிட்டு, ஒரு நாள் தொடாதீர்கள்.

அடுத்த நாள் அலகைக் கனத்த டேப்பால் சுற்றிக்கொண்டு பிடியை அரத்தாலும், 120, 240, 400 உப்புத்தாள்களாலும் உருட்டுங்கள். அடிக்கடி கண்ணை மூடிக் கையில் பிடித்துப் பார்த்தால் எங்கே உறுத்துகிறது என்று தெரியும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு போதும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

6. கூர்

கூர் கடைசியில்தான். ஈரமான 400-ஆம் எண் சாணைக்கல்லில் பக்கத்துக்கு 15 முதல் 18 டிகிரி சாய்வில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருங்கள். மறுபக்கத்தில் கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி மெல்ல வழித்தால், ஓரத்தில் நூல்போல் ஒரு பிசிறு தட்டுப்படும். அடி முதல் நுனி வரை அது வந்தபிறகே திருப்புங்கள். அடுத்து 1000, பிறகு 3000.

ஒரு தாளை அறுத்துப் பாருங்கள். நடுவில் எங்காவது சிக்கினால் அந்த இடத்தில் பிசிறு இன்னும் இருக்கிறது. அழுத்தம் கொடுக்காமல் 3000 கல்லில் பக்கத்துக்கு நாலு இழுப்பு.