பாலியில் டைவிங்: கரையா, படகா என்று முடிவெடுக்கும்போது நடக்கும் தவறுகள்

பாலிக்குப் போகிறவர்களில் பலர் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் ஸ்கூபா டைவிங்கைப் பற்றி யோசிக்கிறார்கள். கரையிலிருந்து நடந்து இறங்குவதா, படகில் போய்க் குதிப்பதா என்ற கேள்வி அப்போதுதான் வருகிறது. பதில் பெரும்பாலும் மனதில் தயாராக இருக்கும். புதிதாகக் கற்றவர் "நமக்குக் கரையே போதும்" என்பார். நாலைந்து டைவ் போனவர் "இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டுக் கரையிலா?" என்பார். கரை என்றால் எளிது, படகு என்றால் உசத்தி என்ற இந்தக் கணக்கு பாலியில் பல நாட்கள் தலைகீழாகப் போய்விடும்.

கரை எளிது என்று நினைப்பவர்கள் வடகிழக்கில் இருக்கும் துலாம்பெனுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே கரையில் மணல் கிடையாது. பலாக்கொட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை உருண்டு திரண்ட கருங்கற்கள்தான். பக்கத்தில் நிற்கும் ஆகுங் எரிமலையின் உபயம். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயக்கட்டி எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு அதன் மேல் நடக்க வேண்டும். அலை திரும்பும்போது கற்களும் கூடவே கடகடவென்று உருளும். ஊர்ப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, அதன் மேல் சிலிண்டரைக் கிடத்தி, சாதாரணச் செருப்போடு அதே கற்களின் மேல் விறுவிறுவென்று போவார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நான் ஏமாந்தேன். முழங்கால் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் ஓர் அலை உட்கார வைத்தது. நெற்றியில் ஏற்றி வைத்திருந்த மாஸ்க்கை அடுத்த அலை கொண்டுபோனது. அன்றைய முதல் டைவ் அதோடு முடிந்தது.

அங்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான். உடனே இறங்காமல் சில நிமிடம் நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில்தான் இறங்க வேண்டும். மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் என்கிற மூச்சுக் கருவி வாயில், பிசிடி என்கிற காற்றுச் சட்டையில் போதுமான காற்று, ஃபின் என்கிற காலில் மாட்டும் துடுப்பு கையில். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் கூட வருபவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஃபின்னை மாட்டி, அலை உடையும் இடத்தைத் தாண்டி நீந்திவிட வேண்டும். திரும்பி வரும்போது தரை தட்டியதும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டுப் பேச ஆரம்பிப்பவர்கள்தான் உப்புத் தண்ணீர் குடிக்கிறார்கள். அலை தள்ளினால் எழுந்து நிற்கப் போராடாமல் தவழ்ந்தே கரை ஏறுங்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்காது, முழங்காலுக்கு நல்லது.

வாடகைக்கு எடுக்கும் ஃபின்னிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வெறுங்காலில் மாட்டும் முழுப்பாத ஃபின் படகுக்குச் சரி. கரை டைவுக்கு அடிப்பாகம் தடித்த ரப்பர் காலணியும், அதன் மேல் மாட்டும் பின்வார் வைத்த ஃபின்னும் வேண்டும். முந்தின நாள் மாலையே கேட்டு, போட்டு நடந்து பாருங்கள்.

இத்தனை பாடுபட்டால் கிடைப்பது என்ன? 1942 ஜனவரி 11 அன்று லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலை லொம்போக் நீரிணையில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று தாக்கியது. முழுக விடாமல் இழுத்து வந்து துலாம்பென் கரையில் தரைதட்ட வைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. 1963இல் ஆகுங் வெடித்தபோது மறுபடி கடலுக்குள் சரிந்தது. இப்போது கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே கப்பல் வந்துவிடும். மேல் பகுதி ஏறக்குறைய 5 மீட்டரில், அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டி. 18 மீட்டர் வரை அனுமதி உள்ள ஓபன் வாட்டர் சான்றிதழ்க்காரரும், 30 மீட்டர் வரை போகக்கூடியவரும் ஒரே கப்பலைச் சுற்றி வரலாம். படகுக்காரர் காத்திருப்பாரே என்ற அவசரமும் இல்லை. கப்பலா, பவளப்பாறையா என்றே சந்தேகம் வரும் அளவுக்கு இரும்பின் மேல் உயிர்கள் மண்டிக் கிடக்கும். இதைக் "கரை டைவ்தானே" என்று ஒதுக்குவது எனக்குப் புரியவே இல்லை.

ஆனால் தெற்கே கூட்டா, செமின்யாக் பக்கம் தங்கிக்கொண்டு ஒரே நாளில் இங்கே போய்வரத் திட்டமிடாதீர்கள். காரில் ஒரு வழிக்கே இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். பத்து மணி வாக்கில் போய்ச் சேர்ந்தால், அதே மாதிரி வந்தவர்களெல்லாம் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருப்பார்கள். கப்பலைச் சுற்றித் தர்ம தரிசன வரிசைதான். ஒரு ராத்திரி அந்த ஊரிலேயே தங்கி விடியற்காலை இறங்குங்கள். தலையில் மேடு வைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாகக் கப்பல் பக்கம் இருப்பது அந்த நேரத்தில்தான்.

அப்புறம் படகு. படகில் போனால் சொகுசு என்பது பாதி உண்மை. கற்களில் நடக்க வேண்டாம். உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்தால் தண்ணீரில் இருப்பீர்கள். மீதிப் பாதியைக் கடல் முடிவு செய்யும். படகு டைவ் என்றதும் எல்லோரும் காட்டுவது நூசா பெனிடா தீவை. ஜூலை முதல் அக்டோபர் வரை மோலா மோலா என்று சொல்லப்படும் ராட்சத சூரியமீன், தெற்குப் பக்கத்தில் மான்டா திருக்கைகள். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் பசிபிக் கடலின் தண்ணீர் இந்தியப் பெருங்கடலுக்குப் பாயும் வழிகளில் ஒன்று லொம்போக் நீரிணை. பெனிடா அதன் வாசலிலேயே நிற்கிறது. நீரோட்டம் பக்கவாட்டில் மட்டுமல்ல, சில இடங்களில் கீழ்நோக்கியும் இழுக்கும். ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த நீர் 20 டிகிரிக்குக்கூட இறங்கும். அந்தக் குளிர்ந்த நீரோடுதான் சூரியமீனும் மேலே வருகிறது.

என் நண்பர் ஒருவர், மொத்தமே ஆறு டைவ் போனவர், ஒரு கடையில் விசாரித்தார். "நோ பிராப்ளம்" என்றார்கள். கடைசியாக எப்போது டைவ் போனீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நீரோட்டத்தை எதிர்த்து உதைத்து உதைத்து 22ஆவது நிமிடத்தில் அவர் சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பாருக்கு, அதாவது மேலே வந்தே ஆக வேண்டிய அளவுக்கு, இறங்கிவிட்டது. கைடும் கூடவே மேலே வர வேண்டியதாயிற்று. சொந்தப் படகு வைத்திருக்கும் கடையில் "எது நல்லது?" என்று கேட்டால் படகுதான் என்பார்கள். வேறு மாதிரி கேளுங்கள்: நாளை நீரோட்டம் எந்தப் பக்கம், ஒரு கைடுக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜனும் ரேடியோவும் இருக்கிறதா, நீரோட்டம் பலமாக இருந்தால் வேறு எந்த இடம்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கடையில் நான் பணம் கட்ட மாட்டேன்.

2014 பிப்ரவரியில் பெனிடாவை ஒட்டிய லெம்போங்கான் தீவுப் பக்கம் டைவ் போன ஏழு ஜப்பானியப் பெண்கள் காணாமல் போனார்கள். டைவ் நடக்கும்போதே வானிலை மாறியது. படகால் அவர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று நாள் கழித்து ஐந்து பேரை உயிரோடு மீட்டார்கள், இருவர் இறந்துபோனார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. படகு டைவில் மேலே வந்தபின் படகு உங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். காற்றடைத்தால் நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாய் கைடிடம் இருக்கிறதே என்று விட்டுவிடாமல், ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரையும் பெனிடாவும்தான் வழி என்றில்லை. அமெட், பாடாங்பாய் பக்கம் ஜுக்குங் என்ற, கவிழாமல் இருக்க இருபுறமும் மிதவைக் கட்டை கட்டிய சிறு படகில் சில நிமிடம் போனாலே டைவ் இடங்கள் உண்டு. முதல் படகு டைவுக்கு அதுதான் என் சிபாரிசு. வயிற்றைக் குமட்டவும் நேரம் இருக்காது. பெனிடா வரைக்கும் என்றால் வாந்தி மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள். தூக்கம் சொக்கும் மாத்திரையோடு கடலுக்கு அடியில் போகக் கூடாது. எனக்கு இஞ்சி மொரப்பாவே போதும்.

கரையோ படகோ, கடைசி நாளில் வைத்துக்கொள்வது இன்னொரு தவறு. விமானத்தில் ஏறும் முன் ஒரு டைவுக்கு 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். உயரம்தான் பிரச்சினை என்பதால் மலைக்கும் அதே கவனம் வேண்டும் என்பது தெரியாது. பாத்தூர் மலை 1,717 மீட்டர். சூரிய உதயம் பார்க்க நள்ளிரவில் கிளம்பிவிடுவார்கள். பகலில் டைவ், விடிந்தால் மலை உச்சி என்று டூர் திட்டத்தில் அழகாகப் போட்டிருக்கும். மலையை முதலில் முடித்துவிடுங்கள். துலாம்பெனிலிருந்து உபுத் திரும்பும்போது டிரைவர் "கிந்தாமணி வழியாகப் போகலாம், வியூ நன்றாக இருக்கும்" என்பார். அதுவும் 1,500 மீட்டரை ஒட்டிய மேடு. டைவ் முடிந்த அன்று மட்டும் கடற்கரை ஓரமாகவே ஓட்டச் சொல்லுங்கள்.