மாஷ் தொடரைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரியப் போரின்போது போர்முனைக்குச் சில மைல் தொலைவில் கூடாரமடித்து இயங்கிய ஓர் அமெரிக்க ராணுவ மருத்துவமனையைக் களமாகக் கொண்ட மாஷ் தொடர், 1972 செப்டம்பர் 17 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 11 பருவங்களையும் 256 பகுதிகளையும் கடந்து, 1983 பிப்ரவரி 28 அன்று நிறைவடைந்தது. இன்று இதைப் புதிதாகப் பார்க்க அமர்பவர்களில் சிலர் ஐந்தாறு பகுதிகளிலேயே நிறுத்திவிடுகிறார்கள். போர் நடக்கும் இடத்தில் மருத்துவர்கள் சாராயம் காய்ச்சிக் குடித்துக்கொண்டு கேலி பேசித் திரிவதாக ஒரு தொடரா என்று அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு அவசரத்தில் எழுதப்படுவது. அதற்குப் பெரும் காரணம் தொடரின் பின்னணியில் ஒலிக்கும், பதிவு செய்து சேர்க்கப்பட்ட சிரிப்பு.

அந்தச் சிரிப்பொலியைத் தொடரின் குரலாக எடுத்துக்கொள்வதே முதல் தவறு. தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸும் பதிவு செய்யப்பட்ட சிரிப்பை விரும்பவே இல்லை. நகைச்சுவைத் தொடர் என்றால் அது இருந்தாக வேண்டும் என்று ஒளிபரப்பு நிறுவனம் விடாப்பிடியாக நின்றது. இறுதியில், அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் நடக்கும் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கூடாது என்ற அளவுக்கு நிறுவனத்தை அவர்கள் இணங்க வைத்தார்கள். பிரிட்டனில் பிபிசி இத்தொடரைச் சிரிப்பொலி இல்லாமலே ஒளிபரப்பியது. பின்னர் வெளிவந்த டிவிடி வட்டுகளிலும் அதை நிறுத்திவிட்டுப் பார்க்கும் வசதி உண்டு. வாய்ப்பு இருந்தால் அப்படியே பாருங்கள். சிரிப்பொலியோடு கேட்கும்போது மேடைப் பேச்சாளரின் சாமர்த்தியமாகத் தோன்றும், தொடரின் நாயகனான அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஹாக்ஐ பியர்ஸின் சொற்கள், அது இல்லாதபோது, பல மணி நேரமாக நின்றுகொண்டே வயிறுகளைத் தைக்கும் ஒரு மனிதன் தன் கை நடுங்கிவிடாமல் இருப்பதற்காகப் பேசும் பேச்சாகக் கேட்கின்றன.

இதிலிருந்து பிறப்பதுதான் அடுத்த தவறு: கேலியைப் பொறுப்பின்மை என்று கொள்வது. இந்த மருத்துவர்கள் ராணுவ ஒழுங்கை எள்ளி நகையாடுகிறார்கள், மேலதிகாரிகளை ஏமாற்றுகிறார்கள்; அங்கே பணிபுரியும் சிப்பாய் கிளிங்கர், தனக்கு மனநிலை சரியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட மாட்டார்களா என்ற ஆசையில் பெண்களின் உடையில் நடமாடுகிறான். ஆனால் காயம்பட்டவர்களைக் கொண்டுவரும் ஹெலிகாப்டரின் சத்தம் கேட்ட நொடியில் ஒருவரும் கேலியை நினைப்பதில்லை. கதை எழுதியவர்கள் இந்த எல்லையை மிகக் கவனமாகக் காத்தார்கள். கொரியாவில் பணியாற்றிய மருத்துவர்களைப் பேட்டி கண்டு அவர்கள் சொன்னவற்றைக் கதையாக்கினார்கள்; வால்டர் டிஷெல் என்ற மருத்துவர் ஆலோசகராக இருந்தார்.

1979இல் எட்டாம் பருவத்தில் வந்த ஒரு பகுதியை இதற்குச் சான்றாகச் சொல்வேன். பெருநாடி கிழிந்த ஒரு சிப்பாய் வருகிறான். சுமார் 20 நிமிடங்களுக்குள் ரத்த ஓட்டத்தை மீட்காவிட்டால் அவன் உடல் செயலிழந்துவிடும். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க, கதை அந்த நேரத்துக்குள்ளேயே நடந்து முடிகிறது. கிழிந்த இடத்தில் பொருத்துவதற்கான ரத்தக் குழாய், பிழைக்க வழியில்லாத இன்னொரு சிப்பாயின் உடலிலிருந்து வர வேண்டும். அவனுடைய நண்பனோ அவன் பக்கத்திலேயே அமர்ந்திருக்கிறான். ஒருவன் இறப்பதற்காக மருத்துவர்கள் காத்திருக்க நேரும் அந்தச் சில நிமிடங்களைப் பார்த்த பிறகு, இத்தொடரில் மருத்துவம் வெறும் பின்னணிதான் என்று ஒருவரால் எழுத முடியும் என நான் நம்பவில்லை. ரத்தக் குழாய்களை இணைத்துக் கை கால்களைக் காப்பாற்றும் அறுவைச் சிகிச்சை உண்மையிலேயே கொரியப் போர்க்களத்தில்தான் பெரும் வளர்ச்சி கண்டது. இரண்டாம் உலகப் போரில் சிகிச்சைக்கு வந்து சேர்ந்த காயம்பட்ட அமெரிக்க வீரர்களில் ஏறத்தாழ 4.5 சதவீதத்தினர் இறந்தனர். கொரியாவில் அது சுமார் 2.5 சதவீதமாகக் குறைந்தது. காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் விரைந்து கொண்டுவந்ததும், போர்முனைக்கு அருகிலேயே கூடார மருத்துவமனைகள் இருந்ததும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

மாஷ் உண்மையில் வியட்நாமைப் பற்றியது, கொரியா வெறும் முகமூடி என்று எழுதுவதும் பரவலான தவறு. தொடர் தொடங்கியபோது வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோபம் முதல் பருவங்களின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. எனினும் 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்து அந்தப் போர் முடிந்த பிறகும் தொடர் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஓடியது. கெல்பார்ட் கொரியப் போர்க் காலத்திலேயே நகைச்சுவைக் கலைஞர் பாப் ஹோப்பின் குழுவோடு அங்கே சென்றவர். கிளிங்கராக நடித்த ஜேமி ஃபார் கொரியாவில் ராணுவப் பணி செய்தவர். தொடரில் அவர் கழுத்தில் தொங்கும் அடையாளத் தகடு அவருடைய சொந்தத் தகடு. முகமூடி என்று சொல்லிக் கடந்துவிட்டால், உறவுகளையும் வீடுகளையும் இழந்த கொரிய மக்கள் இரண்டாம் முறையும் மறக்கப்படுகிறார்கள். தொடரே அவர்களுக்குப் போதிய இடம் தரவில்லை என்பது என் மனத்தாங்கல்.

அதே நேரத்தில் தொடரை வரலாற்று நூலாகப் படிப்பதும் பிழை. தொடரில் வருவதுபோல் 4077 என்ற எண்ணில் ஒரு மருத்துவமனை கொரியாவில் இருந்ததில்லை. மூன்றாண்டுப் போரைப் பதினொரு ஆண்டு நீட்டிய கதையில் நாட்கணக்கு பொருந்தாது: மருத்துவமனையின் தலைமை அதிகாரி கர்னல் பாட்டர் 1952 செப்டம்பரில் வந்து சேர்வதாக ஒரு பகுதி சொல்ல, அவர் 1951ஆம் ஆண்டு முழுவதையும் அங்கேயே கழிப்பதாக இன்னொரு பகுதி காட்டுகிறது. தேதிகளைக் கோத்துப் பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். மேலும், அந்தப் போரில் கூடாரம் போட்டு மருத்துவம் செய்தவர்கள் அமெரிக்கர்கள் மட்டுமே என்ற எண்ணம் தொடரைப் பார்த்த பலரிடம் தங்கிவிடுகிறது. போரிடப் படை அனுப்பாத இந்தியா, லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை 1950இலேயே அனுப்பியது. 1951 மார்ச்சில் மூன்சான்னியில் அமெரிக்க வான்குடைப் படையினரோடு அதன் மருத்துவர்களும் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

நாவல், திரைப்படம், தொடர் மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். 1968இல் வந்த நாவலை ரிச்சர்ட் ஹூக்கர் என்ற புனைபெயரில் எழுதிய மருத்துவர் ரிச்சர்ட் ஹார்ன்பெர்கருக்குத் தொடரின் போர் எதிர்ப்புப் பார்வை பிடிக்கவில்லை. ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய 1970ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் செவிலியர் மார்கரெட் ஹூலிஹன் அவமானப்படுத்தப்படுவதற்காகவே இருக்கிறார். தொடரின் தொடக்கப் பருவங்களும் செவிலியர்களை அந்தக் கண்ணோடுதான் பார்த்தன. இதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது. ஆனால் தொடரில் மார்கரெட்டாக நடித்த லொரெட்டா ஸ்விட் அந்தப் பாத்திரத்தைப் பருவத்துக்குப் பருவம் தனிமையும் பெருமிதமும் கொண்ட தலைமைச் செவிலியராக வளர்த்தெடுத்தார். ஐந்தாம் பருவத்தில் தன்கீழ் பணிபுரியும் செவிலியர்களிடம், ஒரு கோப்பை காபி குடிக்கக்கூட ஒருமுறையும் அவர்கள் தன்னை அழைத்ததில்லை என்று அவர் உடைந்து பேசும் இடத்தைப் பார்க்காமல் அவரைப் பற்றி எழுதாதீர்கள்.

கடைசியாக, புகழ் காரணமாக நிறைவுப் பகுதியை முதலில் பார்த்துவிட வேண்டாம். ஆலன் ஆல்டா இயக்கிய இரண்டரை மணி நேரப் பகுதி அது. அமெரிக்காவில் சுமார் 10.6 கோடிப் பேர் பார்த்தார்கள். அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த ஒளிபரப்பு அதுவே என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த இடத்தை 2010இல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டம் ஒன்று பெற்றுவிட்டது. அந்தப் பகுதியில் ஹாக்ஐ மனநல மருத்துவரிடம் ஒரு பேருந்துப் பயணத்தைத் திரும்பத் திரும்ப நினைவுகூர்கிறான், ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைத் தவிர்த்துவிட்டு. அத்தனை ஆண்டுகள் எதற்கும் சிரிப்பை விடையாகத் தந்தவனை அறியாதவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் வெறும் கதைத் திருப்பமாகவே தெரியும். பொறுமை குறைவு என்றால் மூன்றாம் பருவத்திலிருந்தாவது வரிசையாகப் பாருங்கள். அதன் இறுதிப் பகுதியில், வீடு திரும்பக் கிளம்பிய ஒருவரைப் பற்றிய செய்தியோடு மருத்துவமனையின் எழுத்தர் ரேடார் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் வருகிறான். அவன் அதைப் படித்து முடித்த பிறகும் அங்கே யாருடைய கையும் தையலை நிறுத்துவதில்லை.