குழுவாகக் குரோஷா போர்வை: சதுரங்கள் ஒரே அளவில் வர

ஆளுக்குச் சில சதுரம் என்று பிரித்துப் பின்னினால், சேர்க்கும்போதுதான் வம்பு தெரியும். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. நூலும் 4 மி.மீ. ஊசியும் ஒன்றேயானாலும் அளவு மாறும். முதல் நாளே 13 செ.மீ. அட்டைச் சதுரம் வெட்டி எல்லோருக்கும் கொடுங்கள். சின்னதாக வந்தால் 4.5 ஊசி, பெரிதானால் 3.5; கையை மாற்றச் சொல்லிப் பயனில்லை. கடைசிச் சுற்று போடாமல் வாங்கி, அதையும் இணைப்பையும் ஒருவரே போட்டால் சதுரம் 15 செ.மீ. ஆகும், சில்லறை வித்தியாசமும் மறையும். நூல் முனையைக் குட்டையாக நறுக்கினால் துவைத்ததும் பிரியும், 15 செ.மீ. விடுங்கள். அக்ரிலிக் நூலில் இஸ்திரிப்பெட்டி பட்டால் உருகிப் பளபளத்துவிடும், மேலே பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். 90-க்கு 120 செ.மீ. போர்வைக்கு 48 சதுரம் போதும். 52 கேளுங்கள், நாலு சதுரமாவது கோணிக்கொண்டுதான் வரும்.