தாக்கோ காத்திருக்காது: மெக்சிகன் கடையில் முதல் முறை சாப்பிடுகிறவர்களுக்கு

சிகாகோவுக்கு வந்த முதல் வருடம் முழுக்க எனக்கு மெக்சிகன் சாப்பாடு என்றால் ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடைதான். கண்ணாடிக்குப் பின்னால் சோறு, பீன்ஸ், கறி என்று வரிசையாக இருக்கும். விரலை நீட்டினால் கிண்ணத்தில் அள்ளிப் போடுவார்கள். அப்புறம் அலுவலக நண்பர் ஒருவர் பில்சனுக்குக் கூட்டிப் போனார். பிங்க் லைன் ரயிலில் 18ஆம் தெரு நிலையத்தில் இறங்கினால் சுவரெல்லாம் ஓவியம். செக் மக்கள் குடியேறி, தங்கள் ஊர்ப் பேரையே வைத்த பேட்டை அது. 1950, 60களிலிருந்து மெக்சிகோக்காரர்கள் வந்து சேர்ந்து, இப்போது தெரு முழுக்க அவர்கள் பேக்கரியும் தாக்கோ கடையும்தான். ஆறு மேசை போட்ட ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். கல்லில் கறியைக் கொத்தும் சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது, இது நம்மூர் பரோட்டாக் கடையின் பங்காளி என்று.

ஆனாலும் அன்றைக்குத் தப்புத் தப்பாகத்தான் சாப்பிட்டேன். அந்தத் தப்புகளைக் கழித்துவிட்டு எழுதியது இது.

படி 1: பேரைச் சொல்லிப் பழகுங்கள்

டாக்கோ, டார்ட்டில்லா என்று ஆங்கிலம் வழியாகவே எழுதிப் பழகிவிட்டோம். ஸ்பானிஷில் அது சுத்தமான நம் 'த'. தாக்கோ, தோர்த்தீயா, தோர்த்தா. இரண்டு 'எல்' சேர்ந்து வந்தால் 'ய' மாதிரி ஒலிக்கும். 'ஜே' எழுத்தை 'ஹ' என்று படிக்க வேண்டும். தலையில் சுழி போட்ட 'என்' இருக்கிறதே, அது அச்சு அசலாக நம் 'ஞ'. ஹலப்பேஞோ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கல்லாவில் இருக்கிறவர் முகம் மலரும். எனக்கு மலர்ந்தது.

தோர்த்தீயா என்பது மக்காச்சோள அடை. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, அரைத்துத் தட்டுவது. அந்தச் சுண்ணாம்புதான் அதற்கு ஒரு தனி வாசனையைக் கொடுக்கிறது. அதில் கறியை வைத்து மடித்தால் தாக்கோ. அதே கறியை ரொட்டிக்குள் வைத்தால் தோர்த்தா. கடையின் பாதி ரகசியம் இவ்வளவுதான்.

படி 2: பலகையைப் படியுங்கள்

நம் ஆட்களுக்கு இதுதான் முக்கியமான படி. எதைச் சாப்பிடுவோம், எதைச் சாப்பிட மாட்டோம் என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

போயோ என்றால் கோழி. ரெஸ் என்றால் மாடு. புவெர்க்கோ, செர்தோ இரண்டும் பன்றி. சிக்கல் என்னவென்றால், பலகையில் பெரும்பாலும் மிருகத்தின் பேர் இருக்காது. சமைத்த விதம்தான் இருக்கும். அசாதா என்ற சொல்லுக்குச் 'சுட்டது' என்றுதான் அர்த்தம், ஆனால் கர்னே அசாதா என்று எழுதியிருந்தால் அது மாடு. கர்னீத்தாஸ் என்பது மிச்சோவகான் மாநிலத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பன்றிக்கறி. கொழுப்பிலேயே மெதுவாக வேகவைத்தது. மிலனேசா என்றால் ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்த மெல்லிய கறித்துண்டு. அது மாடாகவும் இருக்கலாம், கோழியாகவும் இருக்கலாம், கேட்டுவிடுங்கள். லெங்குவா நாக்கு, கபேசா தலைக்கறி, த்ரீப்பா குடல். தலைக்கறியும் குடலும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இங்கே கூச்சப்பட வேண்டாம். லெங்குவாவைப் போல மெத்தென்ற கறி அந்தப் பலகையில் வேறு எதுவும் இல்லை என்பது என் கட்சி.

அல் பஸ்தோர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லெபனான் பக்கத்திலிருந்து மெக்சிகோவுக்குப் போய்க் குடியேறியவர்கள் தங்கள் ஷவர்மாவையும் கொண்டுபோனார்கள். அங்கே அது மசாலா தடவிய பன்றிக்கறியாக மாறி, தலையில் அன்னாசிப்பழம் சூடிக்கொண்டது. செங்குத்தான கம்பியில் சுற்றிக்கொண்டே வேகும் கறியை மாஸ்டர் கத்தியால் சீவி விடுவார். கம்பி சுற்றாத கடைகளில் பஸ்தோரைக் கல்லிலேயே வதக்கித் தருவார்கள். அப்படிப்பட்ட கடையில் நான் பஸ்தோர் வாங்குவதில்லை. வேறு ஏதாவது கேட்பேன்.

சைவக்காரர்களுக்கு: நொபாலெஸ் என்ற சப்பாத்திக்கள்ளி இருக்கும். முள்ளைச் சீவிவிட்டு வதக்கியது. வெண்டைக்காய் மாதிரி லேசாக வழுவழுக்கும், கொஞ்சம் புளிக்கும். ராஹாஸ் என்றால் பொப்லானோ மிளகாயைச் சுட்டு, தோலுரித்துக் கீறியது, பாலாடைக்கட்டியோடு வரும். இரண்டும் நன்றாக இருக்கும். ஆனால் பீன்ஸில் கவனம். என் தோழி ஒருத்தி மூன்று மாதம் ஒரு கடையில் பீன்ஸ் தாக்கோவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைத் தாளிப்பது பன்றிக் கொழுப்பில் என்று ஒருநாள் தெரிந்தது. பாவம், அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்தக் கொழுப்பின் பேர் மந்தேக்கா. "தியேனே மந்தேக்கா?" என்று கேட்டால் போதும். சோற்றையும் பல கடைகளில் கோழிச் சாற்றில்தான் வேகவைக்கிறார்கள். அதையும் கேளுங்கள்.

படி 3: ஆர்டர் சொல்லுங்கள்

"தோஸ் தே பஸ்தோர், உனோ தே லெங்குவா." பஸ்தோரில் இரண்டு, நாக்கில் ஒன்று. இலக்கணம் முடிந்தது. ஆங்கிலத்திலும் சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. "கோன் தோதோ?" என்று திருப்பிக் கேட்பார்கள், எல்லாம் போடவா என்று பொருள். 'சீ' என்று தலையாட்டினால் வெங்காயமும் கொத்தமல்லியும் பொடியாக நறுக்கித் தூவி வரும். சில கடைகளில் அமெரிக்கப் பாணியா, மெக்சிகன் பாணியா என்று கேட்பார்கள். அமெரிக்கப் பாணி என்றால் லெட்யூஸ் இலை, தக்காளி, துருவிய சீஸ். முதல் தடவை மெக்சிகன் பாணியிலேயே வாங்குங்கள்.

எத்தனை வாங்குவது? தாக்கோ உள்ளங்கை அளவுதான். மூன்று தின்றால் ஓரளவு வயிறு நிறையும். தோர்த்தா ஒன்றே ஒரு ஆளுக்குத் தாராளம். நான் செய்வது இப்படி: கடையில் உட்கார்ந்து மூன்று தாக்கோ, வீட்டுக்கு ஒரு தோர்த்தா. தாக்கோவின் ஆயுள் ஐந்து நிமிடம். பொட்டலம் கட்டினால் ஆவி உள்ளேயே சுற்றி, அடை ஊறிப் பிய்ந்துவிடும். தோர்த்தா பொறுமைசாலி. பார்சலுக்கு "பாரா யெவார்" என்று சொல்ல வேண்டும்.

படி 4: சல்சா

மேசையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு குப்பி. சிவப்பு காரம், பச்சை மல்லிச் சட்னி என்று நானாகவே முடிவு பண்ணி, முதல் தாக்கோவில் பச்சையைத் தாராளமாக ஊற்றினேன். ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப் பொடியை அள்ளிப் போட்டுச் சாப்பிட்ட நாக்கு இது. அப்படியும் கண்ணில் தண்ணீர் வந்து, பக்கத்து மேசைப் பெரியவர் தன் எலுமிச்சைத் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நிறத்தை நம்பாதீர்கள். பச்சை சல்சாவின் அடிப்படை தோமதீயோ. காகித உறைக்குள் இருக்கும் காய்; சின்ன வயதில் நெற்றியில் அடித்து உடைத்து விளையாடினோமே, சொடக்குத் தக்காளி, அந்தக் குடும்பம்தான். அதோடு எந்த மிளகாயை எத்தனை அரைத்தார்கள் என்பது அந்தந்தக் கடைக்காரருக்குத்தான் வெளிச்சம். தட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுத் தொட்டுப் பாருங்கள், அப்புறம் ஊற்றுங்கள். மிளகாய் அந்த மண்ணுக்குச் சொந்தமானது. போர்ச்சுக்கீசியர் கப்பலில் நம்மிடம் வந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். காரத்தில் அவர்களிடம் வீறாப்பு காட்டாமல் இருப்பது நல்லது.

படி 5: தாக்கோவைப் பிடித்துச் சாப்பிடுங்கள்

கத்தி, முள்கரண்டி வேண்டாம். தட்டு வந்ததும் எலுமிச்சையைப் பிழியுங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றாலும் அடையின் இரண்டு ஓரங்களையும் மேலே சேர்த்துப் பிடியுங்கள். கிள்ளினால் போதும், அழுத்த வேண்டாம். பின்பக்க முனையைச் சற்றே தூக்கிக்கொண்டால் சாறு முழங்கை வரைக்கும் ஓடாது. இப்போது தாக்கோவை வாய்க்குக் கொண்டுவராதீர்கள். தலையைச் சாய்த்து, வாயைத் தாக்கோவிடம் கொண்டுபோங்கள். முகம் தட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். கடைக்குள் இருக்கும் எல்லோரும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு தின்பதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். இரண்டாவது தாக்கோவில் நீங்களும் சாய்ந்திருப்பீர்கள்.

பெரும்பாலும் இரண்டு அடை அடுக்கி வைத்திருப்பார்கள். மேலே உள்ளது சாற்றில் கிழிந்தால் கீழே உள்ளது தாங்கும். கறி நிறைய இருந்தால் கீழ் அடையை உருவி, தட்டில் சிந்தியதை அதில் கூட்டி எடுத்து இன்னொரு தாக்கோ பண்ணிக்கொள்ளலாம்.

படி 6: குடிக்க

ஓர்ச்சாத்தா என்றால் அரிசியை ஊறவைத்து அரைத்து, பட்டையும் சர்க்கரையும் போட்ட குளிர்பானம். எரியும் நாக்குக்கு அதுதான் மருந்து. ஹமைக்கா என்பது சிவப்பாக, புளிப்பாக இருக்கும். புளிச்சக்கீரைக்குச் சொந்தக்காரச் செடியில், பூவைத் தாங்கும் சிவப்புப் புல்லி இதழில் போடுவது. தமரிந்தோ நம் புளியேதான். அரபியில் 'இந்தியப் பேரீச்சை' என்று சொன்னதிலிருந்து வந்த பேர் அது. பானகம் ஞாபகத்தில் வாங்கிக் குடித்தேன். சுக்கு இல்லாத பானகம் மாதிரி இருந்தது.

படி 7: கிளம்பும்போது

இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைத் தாண்டிப் போகும்போது "ப்ரோவேச்சோ" என்று சொல்லிவிட்டுப் போவது மெக்சிகோ வழக்கம். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம், முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்லலாம். டிப்ஸ் மறக்காதீர்கள். நேரம் இருந்தால் பக்கத்தில் 19ஆம் தெருவில் மெக்சிகன் கலைக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1987இல் திறந்தது, அனுமதி இலவசம்.

படி 8: வீட்டுக்கு வந்த தோர்த்தா

தோர்த்தாவுக்குப் போடும் ரொட்டி தெலேரா. மேலே இரண்டு நீளப் பள்ளம் ஓடும், மூன்று பன்னை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பக்கம் மசித்த பீன்ஸ், இன்னொரு பக்கம் மயோனைஸ், நடுவில் கறி, அவகாடோ, தக்காளி, வெங்காயம், வினிகரில் ஊறிய ஹலப்பேஞோ. அன்றைக்கே சாப்பிடுவதென்றால் காகிதத்தை முழுக்கப் பிரிக்காமல், கடிக்கக் கடிக்க இறக்கிக்கொண்டே வாருங்கள். காகிதம்தான் எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருக்கிறது. மறுநாள் காலைக்கு என்றால், இரவே அவகாடோவையும் தக்காளியையும் எடுத்துத் தின்றுவிட்டு மீதியை ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் மைக்ரோவேவில் வைத்தால் ரொட்டி ரப்பராகிவிடும். தோசைக்கல்லைக் காயவைத்து, அடுப்பைக் குறைத்து, தோர்த்தாவைப் போட்டு மேலே ஒரு கனமான பாத்திரத்தை ஏற்றி வையுங்கள். பக்கத்துக்கு மூன்று நிமிடம்.