மூப்படைந்த விதையின் வீரியத்தை அறிந்து நேர்த்தி செய்யும் முறை

நூற்றுக்கு 85 விதைகள் முளைத்தன என்பதற்காக ஒரு விதைக்குவியலை வீரியமானது, அதாவது விரைவாகவும் சீராகவும் முளைத்தெழக்கூடியது என்று முடிவு செய்துவிடக்கூடாது. மூப்பு முதலில் குறைப்பது முளைக்கும் வேகத்தையும் சீரான எழுச்சியையும்தான். முளைப்புத்திறன் அதன் பிறகே சரியத் தொடங்குகிறது. விதையின் செல்சவ்வுகள் பழுதடைவதால், ஊறவைக்கும்போது உள்ளிருக்கும் சர்க்கரையும் உப்புகளும் தண்ணீரில் கசிகின்றன. ஆய்வகங்கள் அந்த நீரின் மின்கடத்துதிறனை அளந்து வீரியத்தை மதிப்பிடுவது இதனால்தான்.

ஆகவே, முதலில் சோதனை. ஈரத்தாளில் 100 விதைகளைச் சுருட்டி வைத்து, முளைப்பு விழுக்காட்டை நாற்றின் சராசரி நீளத்தால் பெருக்கினால் வீரியக் குறியீடு கிடைக்கும்: 90 விழுக்காடும் 20 சென்டிமீட்டரும் எனில் 1800. விதை இன்னும் எவ்வளவு சேமிப்பைத் தாங்கும் என்று அறிய, துரித மூப்புச் சோதனை உதவும். சோயா விதையை 41 பாகை செல்சியசில், ஏறத்தாழ முழு ஈரப்பதமுள்ள காற்றில் 72 மணி நேரம் வைத்தபின் முளைக்கவிட்டுப் பார்ப்பது அம்முறை.

அடுத்தது பிரைமிங், அதாவது ஊறவைத்து உலர்த்தும் நேர்த்தி. விதை தண்ணீரை விரைந்து உறிஞ்சியபின் உறிஞ்சுதல் ஏறக்குறைய நின்றுவிடும் இடைக்கட்டத்தில், பழுதடைந்த சவ்வுகளும் டிஎன்ஏவும் சீராகின்றன. நமக்கு வேண்டியது அந்தக் கட்டம் மட்டுமே. விதையுறையைப் பிளந்துகொண்டு முளைவேரின் வெண்ணிற நுனி தெரிந்துவிட்டால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அதன்பின் உலர்த்தினால் முளைவேர் கருகும். எனவே சில விதைகளை வெவ்வேறு நேரம் ஊறவைத்து, வெளியே எடுத்தபின் கூடுதல் தண்ணீரின்றித் தாமாக முளைக்காத மிக நீண்ட நேரத்தைக் கண்டறிந்து, அதற்குச் சற்று முன்னரே நிறுத்துங்கள். நன்கு காய்ந்த பழைய பயறு விதைகளை நேரே தண்ணீரில் கொட்ட வேண்டாம். வேகமாகப் புகும் நீர் விதைக்குள் இருக்கும் பருப்பிலையை (விதையிலையை) வெடிக்கச் செய்யும் என்பதால், ஈரத்துணிக்கிடையே ஓர் இரவு வைத்துவிட்டு ஊறவைப்பதே நல்லது.

உலர்த்துவதைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள் என்பது என் கருத்து. நிழலில் பரப்பி, அவ்வப்போது கிளறி, ஊறுமுன் இருந்த எடைக்கே விதை திரும்பும்வரை காயவிடுங்கள். பின்பு நேர்த்தி செய்த விதையையும் செய்யாததையும் அருகருகே முளைக்கவிட்டு வீரியக் குறியீட்டை ஒப்பிடுங்கள். ஓரளவு மூத்த விதையில் வேறுபாடு தெளிவாகத் தெரியும். உயிரிழந்த விதையை எந்த நேர்த்தியும் மீட்காது. நேர்த்தி செய்த விதை பெரும்பாலும் சேமிப்பில் விரைவாக மூப்படையும் என்பதால், விதைப்புக்குத் தேவையான அளவை மட்டும், விதைப்பதற்குச் சில நாள்களே இருக்கும்போது நேர்த்தி செய்யுங்கள்.